கைப்பிடி அரிசி: பெரியம்மாவோட அஞ்சு நாள்

முதல் நாள், பாளையங்கோட்டை

நைட்டு பதினொண்ணு ஆகுது, லாட்ஜ் ஃபேன் கடகடன்னு சத்தம் போடுது, பக்கத்து ரூம்ல பெரியம்மா தூங்கியிருப்பாங்க, எனக்கு தூக்கம் வரல. தினமும் எழுதிப் போடலாம்னு முடிவு பண்ணிட்டேன், விட்டா அப்புறம் எழுதவே மாட்டேன்.

பெரியப்பா இறந்து நாலு மாசம் ஆச்சு. பெரியம்மாவுக்கு எழுபத்தி நாலு வயசு. போன மாசம் போன்ல, "எல்லாரும் எருசலேமுக்குப் போயிட்டு வாறாவ, நான் நம்ம ஊரச் சுத்தி இருக்க கோயிலக்கூட பாக்கல லே"ன்னாங்க. லீவு போட்டேன், சென்னையில இருந்து கார எடுத்துட்டு வந்துட்டேன். பாளையங்கோட்டை, டோனாவூர், வடக்கன்குளம், இடையன்குடி, மணப்பாடு, மெஞ்ஞானபுரம், நாசரேத், திரும்ப வீடு. ஒரு ரவுண்டு.

ஆனா நான் கிளம்பினதுக்கு வேற காரணமும் உண்டு. பெரியப்பா முப்பது வருசமா கோயிலுக்குப் போகல. ஏதோ ஒரு கமிட்டி சண்டை, கோவிச்சுக்கிட்டு வந்தவர் வந்தவர்தான். கிளார்க்கா ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் தினமும் தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில போய் உக்காந்துக்குவார், முதியோர் உதவித்தொகை, விதவை உதவித்தொகைன்னு வர்றவங்களுக்கு மனு எழுதிக் குடுப்பார், காசு வாங்க மாட்டார், ஒரு டீ வாங்கிக் குடுத்தா குடிப்பார். அடக்கத்தன்னைக்கு யாருன்னே தெரியாத கிழவிங்க வரிசையா வந்தாங்க. ஒரு பாட்டி மஞ்சப்பைக்குள்ள இருந்து பாங்க் பாஸ்புக்க எடுத்து பெட்டி ஓரமா காட்டிட்டு, ஒண்ணும் பேசாம திரும்ப மடிச்சு வச்சுக்கிட்டு போனாங்க. அந்தக் கூட்டத்துலதான் தூரத்துச் சொந்தம் ஒருத்தர் பெரியம்மாகிட்ட குனிஞ்சு, "அண்ணன் ரட்சிக்கப்பட்டவங்களா? பரலோகம் போவோம்ங்கிற நிச்சயம் இருந்துச்சா?"ன்னு கேட்டார். பெட்டிய இன்னும் மூடல, அப்ப கேட்டார். எனக்கு அன்னைக்கு ஏறினது இன்னும் இறங்கல.

சரி, இன்னைக்கு விஷயத்துக்கு வர்றேன். ஊசிக்கோபுரத்துக்குப் போனோம், ரேனியஸ் ஐயர் (எங்கள்ல பாதிரியார ஐயர்னுதான் சொல்வோம்) 1826ல கட்டினது, கதீட்ரல். பெரியம்மா அத ஒரு பார்வை பாத்துட்டு "இது வருசா வருசம் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு வந்து பாத்ததுதான், அந்த பாப்பாத்தியம்மா கோயிலுக்குப் போ"ன்னுட்டாங்க. கிளாரிந்தா அம்மா கட்டின கோயில். 1785. சின்னது.

கதை தெரியாதவங்களுக்காக. தஞ்சாவூர்ப் பக்கத்து பிராமணப் பொண்ணு, புருசன் செத்ததும் உடன்கட்டை ஏத்தப் போனாங்க, ஒரு இங்கிலீஷ் ராணுவ அதிகாரி காப்பாத்தினார்னு சொல்வாங்க. அப்புறம் அவரோடவே இருந்தாங்க, அவர்கிட்டதான் வேதத்தையும் கத்துக்கிட்டாங்க. ஞானஸ்நானம் கேட்டப்ப ஸ்வார்ட்ஸ் ஐயர் முடியாதுன்னுட்டார், கல்யாணம் ஆகாம ஒருத்தரோட வாழ்றீங்களேன்னு. அந்த அதிகாரி இறந்து போனப்புறம் 1778லதான் குடுத்தார். 1780ல இந்த ஊர் சபைக்கு முதல் ரெஜிஸ்டர் போட்டாங்க, நாப்பது பேரு, அதுல முதல் பேரே கிளாரிந்தா. இன்னைக்கு லட்சக்கணக்கான பேர் இருக்கிற திருமண்டலத்துக்கு முதல் வரி அதுதான்.

பெரியம்மா பெஞ்சுல உக்காந்து எல்லாத்தையும் கேட்டாங்க, அப்புறம் கேட்டாங்க: "நடுவுல செத்துருந்தா?"

"எந்த நடுவுல?"

"கேட்டதுக்கும் குடுத்ததுக்கும் நடுவுல. அத்தன வருசத்துல ஒரு காச்ச வந்து செத்துருந்தா அவ எங்க லே போயிருப்பா?"

எனக்கு பதில் தெரியல. ஸ்வார்ட்ஸ் ஐயர் கெட்டவர் இல்ல, அவர் காலத்துச் சட்டப்படி சரியாத்தான் செஞ்சார், அதுதான் என்னைத் தொந்தரவு பண்ணுது.

இன்னொண்ணு. மத்தியானம் சாப்பிட்டு முடிச்சதும் பெரியம்மா கைப்பையில இருந்து பழைய பவுடர் டப்பா ஒண்ணு எடுத்து அதுக்குள்ள காசு போட்டாங்க. என்னன்னு கேட்டா, கைப்பிடி அரிசி. வீட்ல ஒவ்வொரு தடவ உலை வைக்கும்போதும் ஒரு கைப்பிடி அரிசிய தனியா எடுத்து வச்சு கோயிலுக்குக் கொண்டு போய் கொட்டுவாங்கல்ல, அது. ஓட்டல்ல சாப்பிட்டா அரிசிக்கு எங்க போறது, அதனால வேளைக்கு ஒரு பத்து ரூபாய். காலையில இட்லிக்கும் போட்டாச்சாம், நான்தான் கவனிக்கல.

ரெண்டாம் நாள், டோனாவூர், வடக்கன்குளம்

டோனாவூர்ங்கிற பேரு தமிழே இல்லன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? டோனாங்கிற ஒரு பிரஷ்யப் பிரபு அங்க கோயில் கட்ட பணம் அனுப்பினார், ரேனியஸ் ஐயர் அவர் பேரையே ஊருக்கு வச்சுட்டார். அந்தப் பிரபு இந்தப் பக்கம் வந்ததே இல்ல. எங்கயோ பனி பெய்யுற ஊர்ல இருந்து பணத்த அனுப்பினவர் பேர, களக்காட்டு மலைக்குக் கீழ வாழைக்குத் தண்ணி பாய்ச்சுறவங்க தினமும் சொல்றாங்க.

ஆமி கார்மைக்கேல் அம்மா இருந்த வளாகத்துக்குள்ள நினைச்ச உடனே போக முடியாது, முன்னாடியே கேட்டு வச்சிருக்கணும். பெரியம்மாவோட சிநேகிதி ஒருத்தங்க ஏற்பாடு பண்ணியிருந்தாங்க. போட்டோ எடுக்கல, கேட்கவும் தோணல. 1867ல அயர்லாந்துல பொறந்தவங்க, 1895ல இந்தியாவுக்கு வந்தாங்க, 1901ல இந்துக் கோயிலுக்கு நேர்ந்துவிட இருந்த ஒரு ஏழு வயசுப் பொண்ணு தப்பிச்சு இவங்ககிட்ட ஓடி வந்துச்சு, அந்த மாதிரி பிள்ளைங்கள எடுத்து வளர்க்க ஆரம்பிச்சது எல்லாம் அதுல இருந்துதான். 1931ல கீழ விழுந்து அடிபட்டாங்க, அதுக்கப்புறம் இருபது வருசம் பெரும்பாலும் படுக்கையிலயேதான். 1951 ஜனவரில இறந்தாங்க. கல்லறையில கல்லு வைக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாங்களாம். அதனால பிள்ளைங்க அங்க பறவைங்க தண்ணி குடிக்கிற மாதிரி ஒரு கல் தொட்டிய வச்சாங்க. அதுல தாயைக் குறிக்கிற ஒரே ஒரு சொல்தான் இருக்கு. பேரு இல்ல, வருசம் இல்ல, வசனம் இல்ல.

நாங்க நின்னப்ப ஒரு காக்கா வந்து உக்காந்துச்சு. பெரியம்மா "சூ"ன்னு வெரட்டப் போனவங்க கைய இறக்கிட்டாங்க.

மரத்தடியில உக்காந்து மத்தேயு 25 வாசிச்சேன். எத்தனையோ தடவ பிரசங்கத்துல கேட்டதுதான், இன்னைக்குத்தான் ஒண்ணு கண்ணுல பட்டுச்சு: செம்மறியாடு பக்கமும் வெள்ளாட்டுப் பக்கமும் கேட்கிறது ஒரே கேள்வி, "ஆண்டவரே, எப்போது?" பசியா எப்ப பாத்தோம், காவல்ல எப்ப பாத்தோம். சோறு போட்டவனுக்கும் தெரியல, போடாதவனுக்கும் தெரியல. எவனும் கணக்கு நோட்டு வச்சிருக்கல. உனக்கு நிச்சயம் இருந்துச்சான்னு ராஜா ஒருத்தர்கிட்டயும் கேட்கவே இல்ல. இத நான் கொஞ்சம் சத்தமாவே சொன்னேன், அந்தத் தூரத்துச் சொந்தத்த மனசுல வச்சுக்கிட்டு. பெரியம்மா "உம்"னாங்க, அவ்வளவுதான். நான் எதிர்பார்த்த சந்தோசம் அந்த "உம்"ல இல்ல.

சாயங்காலம் வடக்கன்குளம். கத்தோலிக்கக் கோயில், 1872ல அர்ச்சிக்கப்பட்டது. மேல இருந்து பாத்தா கால்சட்டை மாதிரி இருக்கும், ரெண்டு காலு, சேர்ற இடத்துல பீடம். ஏன் அப்படின்னா, ஒரு கால்ல ஒரு சாதி, இன்னொரு கால்ல இன்னொரு சாதி, ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காம ஒரே பூசைய பாக்கிறதுக்கு. நடுவுல இருந்த தடுப்ப 1910 வாக்குல இடிச்சாங்க, இடிச்சதுக்கு கேஸ் போட்டு மெட்ராஸ் ஹைகோர்ட் வரைக்கும் போய் தோத்தாங்க. இதே ஊர்லதான் 1745ல தேவசகாயம் பிள்ளை ஞானஸ்நானம் வாங்கினார், 2022 மே 15ல புனிதர் பட்டம் குடுத்தாங்களே அவர்தான். எங்க சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டண்ட்) பக்கம் யோக்கியம்னு சொல்ல வரல, எங்க சபை எலெக்சன்ல என்ன நடக்குதுன்னு எங்களுக்குத் தெரியும். ஆனா செங்கல்ல கட்டி வச்சிருந்தா கண்ணுக்குத் தெரியுது. "கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது"ன்னு யாக்கோபு சொன்னார்ல, செத்தது எப்படி இருக்கும்னு பாக்கணும்னா அந்தக் கட்டிடத்தோட வடிவத்த பாருங்க. ரெண்டு பக்கமும் விசுவாசப்பிரமாணம் ஒரே சொல்லுதான் சொல்லியிருப்பாங்க.

மூணாம் நாள், இடையன்குடி

திசையன்விளைக்கு முன்னாடி டயர் பஞ்சர். ஸ்டெப்னியிலயும் காத்து இல்ல (என் தப்புதான்). வெயில்ல ரெண்டு மணி நேரம். பதநீர்க்காரர் ஒருத்தர் பெரியம்மாவ அவர் ஓலைக் கொட்டகைக்குள்ள உக்கார வச்சு பட்டையில ஊத்திக் குடுத்தார், காசு குடுத்தா வாங்கல. அதுக்கும் டப்பாவுல காசு விழுமோன்னு பாத்தேன், விழல. "அது சாப்பாடு இல்லல்லா."

இடையன்குடிக்குப் போய்ச் சேர்றப்ப மணி மூணு. கால்டுவெல் ஐயர் 1841ல வந்தார், கோயில் வேலைய 1847ல ஆரம்பிச்சார், 1880லதான் பிரதிஷ்டை. முப்பத்தி மூணு வருசம். நமக்கு அவர் ஒப்பிலக்கணம் எழுதினவர், இந்த ஊர்க்காரங்களுக்கு தெரு போட்டுக் குடுத்தவர். அவர் மனைவி எலைசா அம்மா பொம்பளைங்களுக்கு லேஸ் பின்னக் கத்துக் குடுத்தாங்க. ஐயர கோயிலுக்குள்ளயேதான் அடக்கம் பண்ணியிருக்கு. உள்ள ஜில்லுன்னு இருந்துச்சு, பெரியம்மா தரையில கால நீட்டி உக்காந்துட்டாங்க.

தாது வருசப் பஞ்சத்துல, அதாவது 1876ல இருந்து 78 வரைக்கும், இந்தப் பக்கம் ஆயிரக்கணக்குல ஜனங்க கிறிஸ்தவங்களானாங்க. சோத்துக்கு மாறினவங்கன்னு அப்பவும் பேசினாங்க, இப்பவும் கேலி பண்றாங்க. எங்க தாத்தாவோட தாத்தா அந்தக் கூட்டத்துல ஒருத்தரா இருக்கலாம். நான் யோசிச்சது இதுதான்: பசிச்சவனுக்கு கஞ்சி ஊத்தினவனுக்கு அது நற்கிரியை, அத வாங்கிக் குடிச்சவனோட விசுவாசம் மட்டும் எப்படி போலி ஆச்சு?

இன்னைக்கு இவ்வளவுதான், முதுகு வலிக்குது.

நாலாம் நாள், மணப்பாடு

இன்னைக்குத்தான் கொஞ்சம் நீளமா எழுதணும்.

மணப்பாடு போகாதவங்க போங்க. கடலுக்குள்ள மூக்கு நீட்டின மாதிரி ஒரு மணல் குன்று, அது மேல திருச்சிலுவைக் கோயில், 1581. இயேசுவ அறைஞ்ச மெய்யான சிலுவையோட சின்னத் துண்டு ஒண்ணு அங்க இருக்குன்னு செப்டம்பர் 14 திருவிழாவுக்கு அவ்வளவு கூட்டம் வரும். கீழ கடல் பக்கமா இறங்கினா சவேரியார் தங்கி ஜெபிச்ச குகை.

சவேரியார் இந்தக் கரைக்கு வந்தது 1542ல. மணியடிச்சுக்கிட்டு தெருத்தெருவா போய் பிள்ளைங்கள கூட்டினது, ஜெபங்கள தமிழ்ல சொல்லிக் குடுத்ததெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. எனக்குப் பிடிச்சது வேற. 1544 ஜூன்ல மணப்பாட்டுல இருந்து அவர் எழுதின கடிதம் ஒண்ணு இருக்கு. வடுகர் படை வந்து கொள்ளையடிச்சதுல கன்னியாகுமரிப் பக்கம் ஜனங்க கடல் நடுப் பாறைங்கள்ல போய் ஒளிஞ்சு சோறு தண்ணி இல்லாம கிடந்தாங்க. அவங்களுக்கு உதவ இவர் இருபது தோணியோட கிளம்பினார். எதிர்காத்து. துடுப்பு போட்டும் முடியல, இழுத்தும் முடியல, போய்ச் சேரவே இல்ல, திரும்பி மணப்பாட்டுக்கே வந்துட்டார். அப்புறம் கரை வழியா போனார். ஆனா அந்த இருபது தோணி? எவன் வாயிலயும் ஒரு பருக்கை போய்ச் சேராத நற்கிரியைய எந்தப் பக்கத்துல எழுதுறது? கடலப் பாத்துக்கிட்டு ரொம்ப நேரம் அங்கயே நின்னேன், காத்து இன்னைக்கும் சட்டையப் பிய்க்கிற மாதிரிதான் அடிச்சுது.

குகை வாசல்ல ஒரு அக்கா மெழுகுவர்த்தி வித்துட்டு இருந்தாங்க. பெரியம்மாவப் பாத்ததும், "யாருக்கும்மா? செத்துப் போனவியளுக்கா?"

பெரியம்மா பொட்டு இல்லாத நெத்தியத் தொட்டுக்கிட்டு, "இல்லம்மா, நாங்க சி.எஸ்.ஐ."

"அதுக்கென்ன, மெழுகுவத்திக்குத் தெரியவா போகுது."

நான் சிரிச்சுட்டேன். பெரியம்மா சிரிக்கல. அந்த அக்கா விடல, எங்கள்ல உத்தரிக்கிற ஸ்தலத்து (மோட்சத்துக்கு முன்னாடி பாவம் கழியுற இடம்) ஆத்துமாக்களுக்கு வேண்டிக்கிடுவோம், பூசைக்கு எழுதிக் குடுப்போம், நவம்பர் ரெண்டாந்தேதி கல்லறைக்குப் போவோம், நீங்க என்ன செய்வியன்னு கேட்டாங்க. குத்தலா கேட்கல, நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான். பெரியம்மா யோசிச்சுட்டு, "நாங்க பூ போட்டுட்டு வந்துருவோம். செத்தவியளுக்கு ஜெபம் பண்ணக்கூடாதுன்னு சொல்லிக் குடுத்துருக்காவ"ன்னாங்க. அந்த அக்கா "ஐய, பாவம்"னாங்க. யாரப் பாவம்னாங்கன்னு தெரியல.

கத்தோலிக்கங்க இரக்கச் செயல்கள்னு பதினாலு சொல்வாங்க, உடம்புக்கு ஏழு, ஆத்துமாவுக்கு ஏழு. உடம்புக்கு உள்ளதுல ஆறு மத்தேயு 25லயே இருக்கு. ஏழாவது, செத்தவங்கள அடக்கம் பண்றது, தோபித்து புஸ்தகத்துல இருந்து வருது, அது எங்க பைபிள்லயே கிடையாது. ஆத்துமாவுக்கு உள்ளதுல கடைசி, இருக்கிறவங்களுக்கும் செத்தவங்களுக்கும் வேண்டிக்கிறது. அதுவும் எங்களுக்குப் பாதிதான். புராட்டஸ்டண்ட் பக்கத்தத் தொடங்கி வச்ச லூத்தர், கிரியை வேணும்னு சொல்ற யாக்கோபு நிருபத்தையே 1522ல வைக்கோல்னு சொன்னவர். அப்புறம் 1999 அக்டோபர் 31ல ஆக்ஸ்பர்க்ல லூத்தரன்காரங்களும் கத்தோலிக்கங்களும் உக்காந்து, ரட்சிப்பு நம்ம புண்ணியத்தால இல்ல கிருபையாலதான், அந்தக் கிருபைதான் நற்கிரியை செய்யவும் வைக்குதுன்னு சேர்ந்து கையெழுத்துப் போட்டுட்டாங்க. அத இந்த மெழுகுவத்தி அக்காகிட்டயும் பெரியம்மாகிட்டயும் யாரும் வந்து சொல்லல.

திரும்ப மணல்ல ஏறும்போது பெரியம்மாவுக்கு மூச்சு வாங்குச்சு, பாதியில உக்காந்தோம். நான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். "பெரியம்மா, பெரியப்பா செஞ்ச மனுவயே எண்ணினா ஆயிரத்துக்கு மேல வரும், அதெல்லாம் ஆண்டவர் கணக்குல இல்லாமலா போயிரும்?"னேன்.

அவங்க கடலத்தான் பாத்தாங்க. "நீ மனுவ எண்ணுத. நான் மத்தத எண்ணுனா?"

நான் ஒண்ணும் சொல்லல.

"குடிச்சிட்டு வந்து பேசுன பேச்ச எண்ணுனா? உங்க அப்பாகிட்ட பதினெட்டு வருசம் பேசாம இருந்தாவளே, அத எண்ணுனா? எனக்கு கரு கலைஞ்சு போன அன்னைக்கி ஆஸ்பத்திரிக்கு வரல, அவிய மரத்தடியில யாருக்கோ மனு எழுதிக்கிட்டு இருந்தாவ. அத எந்தப் பக்கம் எழுதுவ?" சேலைத் தலைப்பால மூஞ்சியத் தொடச்சாங்க. "கணக்குப் பாத்தா அவிய தோத்துருவாவ லே. பாக்கப்பிடாதுன்னுதான் நான் நாலு மாசமா கேட்டுக்கிட்டு இருக்கேன்."

கேட்டுக்கிட்டு இருக்கேன்னா அது ஜெபம்தானேன்னு எனக்கு அப்புறம் ரூமுக்கு வந்துதான் உறைச்சுது.

நூத்தி முப்பதாம் சங்கீதம்: "கர்த்தாவே, நீர் அக்கிரமங்களைக் கவனித்திருப்பீரானால், யார் நிலைநிற்பான், ஆண்டவரே." அடக்க ஆராதனையில வாசிச்சாங்க, நான் அப்ப கோவத்துல அந்தச் சொந்தத்த முறைச்சுக்கிட்டு நின்னேன். நான் அவருக்கு எதிரா ஒரு பில் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன், அவ்வளவுதான், அவர் நிச்சயத்த கேட்டார், நான் மனுவ நீட்டினேன்.

நைட்டு பெரியம்மா ரெண்டு இட்லியோட நிறுத்திட்டாங்க. டப்பாவுல காசு விழுந்துச்சு.

அஞ்சாம் நாள், மெஞ்ஞானபுரம், நாசரேத், வீடு

இத வீட்டுக்கு வந்துட்டு எழுதுறேன், உண்மையச் சொன்னா ரெண்டு நாள் கழிச்சு, சென்னையில இருந்து.

மெஞ்ஞானபுரம் கோபுரம் 192 அடி, தேரிக்காட்டுல தூரத்துல இருந்தே தெரியும். ஜான் தாமஸ் ஐயர் கட்டினது, ஊருக்கு முன்ன பேரு நெடுவிளை. அண்ணாந்து பாத்து கழுத்து வலிச்சது தவிர சொல்ல ஒண்ணும் இல்ல, கோயில் பூட்டியிருந்துச்சு, கோயிலப் பாத்துக்கிற கோயில்பிள்ளை சாப்பிடப் போயிருந்தார்.

நாசரேத்ல மர்காஷிஸ் ஐயர் கதைய பெரியம்மாவே சொன்னாங்க, அவங்க அம்மா அங்க போர்டிங்ல படிச்சவங்க. தாதுப் பஞ்சத்துல அநாதையான பிள்ளைங்கள சேர்த்து வச்சு, வெறும் சோறு போட்டாப் பத்தாதுன்னு தச்சு, தையல்னு கைத்தொழில் கத்துக் குடுத்தார், அதுதான் பள்ளிக்கூடம் ஆச்சு. வைத்தியமும் பாப்பார். 1908ல இறந்தார். அவருக்கு நிச்சயம் இருந்துச்சான்னு பெரியம்மாகிட்ட கேட்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். போதும்.

மத்தியானம் ஓட்டல் சாப்பாடு, கடைசி வேளை. மூணு மணிக்கு வீட்டுக்கு வந்துட்டோம். பெரியம்மா பவுடர் டப்பாவ என் கையில குடுத்து, "எண்ணிச் சொல்லு, எனக்கு கண்ணு மங்குது"ன்னாங்க.

தலைவாசல் திண்ணையில கொட்டி எண்ணினேன். எல்லாம் பத்து ரூபாய்க் காசு. இருபத்தி எட்டு.

நாலு நாள் மூணு வேளை, இன்னைக்கு ரெண்டு வேளை. பதினாலு. விரல் விட்டு இன்னொரு தடவ பாத்தேன்.

"பெரியம்மா, பதினாலுதான வரணும்? ரெட்டிப்பா இருக்கு."

"இருக்கும்." செருப்பக் கழட்டிக்கிட்டே சொன்னாங்க. "அவிய ஒரு நாளும் எடுத்து வச்சதில்லல்லா."

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியாம, "நம்ம சபையில இதெல்லாம் செல்லாதே பெரியம்மா"ன்னு விளையாட்டா சொல்லி வச்சேன்.

"செல்லாட்டா ஏழைக்குப் போவும். சில்லறையா குடுத்தா உபதேசியார் வைவாரு, நோட்டா மாத்தித் தா."

பர்ஸ்ல இருந்து ஒரு இருநூறு, ஒரு அம்பது, மூணு பத்து எடுத்துக் குடுத்தேன். ஒவ்வொண்ணா வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டு பைபிளுக்குள்ள வச்சாங்க. காச நான் கார் டேஷ்போர்டுல போட்டுட்டேன். வர்ற வழி பூரா, ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும், கலகலன்னு சத்தம். விழுப்புரம் தாண்டி டீ குடிக்க நிறுத்தினேன், கடைக்காரர் ஐநூறு ரூபாய் நோட்டப் பாத்துட்டு சில்லறை இல்லையா தம்பின்னு கேட்டார்.

இல்லண்ணேன்னுட்டேன்.